துளசிராமன் அடித்த கல்

ஸ்காட்லாந்தில், பெயரைச் சொன்னால் வாயில் நுழையாத ஒரு சின்ன ஊரில், ஒரு கறுப்புக் கல் நிற்கிறது. ஆறரை அடி உயரம். அதன் காலடியில் ஒரு பித்தளைத் தகடு. இந்தக் கல்லின் எழுத்துகளை வெட்டியவர் இந்தியாவில் கும்மிடிப்பூண்டியைச் சேர்ந்த ஷாஹுல் என்று அதில் இங்கிலீஷில் பொறித்திருக்கிறார்கள். அந்த ஷாஹுல் நான்தான். நான் அந்தக் கல்லில் வெட்டியது ஒரே ஒரு எண். அதையும் கோணலாக வெட்டினேன்.

மீதி அத்தனையும் துளசிராமன் வெட்டியது. அவர் பெயர் தகட்டில் இல்லை. எங்கள் கம்பெனி ரெஜிஸ்டரிலும் இல்லை. ரேஷன் கார்டிலும் வாக்காளர் பட்டியலிலும் மட்டும் இருந்தது, இனி அதிலிருந்தும் எடுத்துவிடுவார்கள். அவரைப் பற்றி எழுதுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் நடந்ததை முழுக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

துளசிராமனுக்கு ஊத்துக்கோட்டையிலிருந்து உள்ளே தள்ளி ஒரு கிராமம். அப்பா காலத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை. அண்ணன் தம்பிகள் மூன்று பேர் பிரித்துக்கொண்டதில் ஆளுக்கு ஒரு ஏக்கர். ஒரு ஏக்கரை வைத்துக்கொண்டு, வரப்பில் நின்று கூடப்பிறந்தவனை முறைத்துக்கொண்டிருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. பயிரை மனைவி சுமலதா பார்த்துக்கொள்ள, இவர் தொண்ணூற்றெட்டில் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்தார். தினம் இரண்டு பஸ் மாறி வருவார். ஒல்லியான, நீளமான ஆள். கோணலாக எது கண்ணில் பட்டாலும் அவர் கை சும்மா இருக்காது. சைக்கிள் ஷெட்டில் யாரோ சாய்த்துவிட்டுப் போன வண்டியை நிமிர்த்துவார். டீக்கடையில் தொங்கும் சாமி படத்தை நேராக்குவார். பேசிக்கொண்டே என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிடுவார்.

எங்களுடையது கிரானைட் கம்பெனி. கல் லாரியில் வரும். அறுத்து, பாலிஷ் போட்டு, எழுத்து வெட்டி, மரப்பெட்டியில் அடைத்துச் சென்னைத் துறைமுகத்துக்கு அனுப்புவோம். பெரும்பாலும் வெள்ளைக்காரர் ஊர்க் கல்லறைக் கற்கள். நான் அங்கே டெஸ்பாட்ச் கிளார்க். பழவேற்காட்டில் என் வாப்பா செய்த இறால் வியாபாரம் நொடித்துப்போனதும் கிடைத்த வேலை இது. பேன் காற்றும் நாற்காலியும் உள்ள வேலை. மாதம் பிறந்தால் சம்பளம், ரெஜிஸ்டரில் பெயர். துளசிராமனும் இன்னும் பதின்மூன்று பேரும் அரசப்பன் என்கிற கான்ட்ராக்டரின் ஆட்கள். அவர்களுக்கு ரெஜிஸ்டர் கிடையாது.

துளசிராமனின் வேலை மணல் அடிப்பது. கல்மேல் ரப்பர் ஷீட்டை ஒட்டுவார்கள். எழுத்து வர வேண்டிய இடத்தில் மட்டும் ரப்பரை வெட்டி எடுத்துவிடுவார்கள். பிறகு குழாயில் காற்றோடு மணலைப் பீய்ச்சி அடித்தால், ரப்பர் இல்லாத இடம் குழிந்து எழுத்தாகும். கேட்க எளிதாக இருக்கிறது. பத்துக்குப் பத்து தகர அறையில் நின்று இதை ஒன்பது வருடம் செய்தார் அவர். ஆள் உள்ளே போனதும் வெளியே தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள். கதவு திறந்திருந்தால் தூசி பறந்து பக்கத்தில் பாலிஷ் போட்ட கல்மேல் படியுமாம். கல்மேல் படியக் கூடாது, மனிதனின் நெஞ்சில் படியலாம். இந்தக் கணக்கை யார் போட்டார்களோ, அவர்கள் வீட்டுப் பெரிய படிப்பில் தீ வைக்க.

மூக்கில் கட்ட அவருக்கு இருந்தது ஒரு துண்டு. மாதம் ஒருமுறை கம்பெனி ஒரு பேப்பர் மாஸ்க் கொடுக்கும். அது மத்தியானத்துக்குள் நனைந்து கிழிந்துவிடும். வெளியே வரும்போது புருவம், இமை எல்லாம் வெள்ளையாக இருக்கும். என் ஜன்னலுக்கு நேரே நின்று, வெள்ளைக்காரன் சுடுகாட்டில் பாதிப் பேருக்கு நான்தான் பேர் வைத்தேன் என்று சிரிப்பார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வோர் எழுத்தின் குணமும் தெரியும். அவருக்கு ஆகாத எழுத்து ஓ. அதன் நடுவில் தனியாக நிற்கும் ரப்பர் துண்டு, மணல் வேகத்தில் பிய்த்துக்கொண்டு போய்விடும். துண்டு போனால் எழுத்து வெறும் குழி.

இரண்டாயிரத்து ஆறு கடைசியில் அந்த ஸ்காட்லாந்து ஆர்டர் வந்தது. 1314-ஆம் வருடம் பானக்பர்ன் என்ற இடத்தில் ஸ்காட்லாந்துக்காரர்கள் இங்கிலாந்து ராஜாவின் படையை அடித்து விரட்டினார்களாம். போர் நடந்த இடத்தில் குதிரைமேல் ராஜா உட்கார்ந்திருக்கும் சிலை, சுற்றுச்சுவர் எல்லாம் ஏற்கெனவே உண்டு. இது அந்தப் போருக்கு ஆள் அனுப்பிய ஒரு சின்ன ஊர், தன் பங்குக்கு ஒரு கல் வைத்துக்கொள்ள ஆசைப்பட்ட கதை. கமிட்டி போட்டு, பத்து வருடம் பணம் சேர்த்து, நாற்பது வரி எழுதி அனுப்பியிருந்தார்கள். கல் எங்களிடம் வந்தது. துளசிராமன் ரப்பரை வெட்டிக்கொண்டே அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். இன்னொருத்தன் காலுக்குக் கீழே கிடக்க மாட்டோம் என்று இந்த ஊர் ஆட்கள் கிளம்பிப் போனார்கள், அவர்கள் ஞாபகத்துக்கு இந்தக் கல் என்று சொன்னேன்.

"ஜெயிச்சாங்களா?" என்றார்.

ஜெயித்தார்கள் என்றேன். போனவர்கள் பேரெல்லாம் எங்கே என்று கல்லில் தேடினார். எழுநூறு வருடம் ஆயிற்று, யார் பெயரும் தெரியாது என்றேன்.

"ஒருத்தன் பேருகூடவா தெரியல? சரி உடு பாய். ஜெயிச்சாங்கள்ல, அது போதும். தோத்தவனுக்கு கல்லுன்னா அடிக்கவே கை வராது."

மூன்று மாதம் அந்த ஒரு கல்லோடு இருந்தார். நாற்பது வரியில் எத்தனை ஓ என்று எண்ணி வைத்திருந்தார், எண்பத்தேழு. ஒன்றுகூடப் போகவில்லை. அந்த மூன்று மாதத்தில்தான் இருமல் அவரைவிட்டு இறங்காமல் உட்கார்ந்துகொண்டது. பேன்ட் இடுப்பில் நிற்காமல் கயிறு கட்டினார்.

பிப்ரவரியில் கமிட்டியிலிருந்து இரண்டு பேர் கல்லைப் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. எங்கள் மானேஜர் சின்னதுரை அன்றைக்கே ஏற்பாடுகளில் இறங்கிவிட்டார். ஷெட்டுக்கு வெள்ளையடித்தார்கள். சென்னைக்கு ஆள் அனுப்பி, தலையை முழுக்க மூடிக் குழாய் வழியாக நல்ல காற்று வருகிற மாதிரி இரண்டு ஹூட் வாங்கினார்கள். ஒன்பது வருடத்தில் முதல் தடவை. துளசிராமன் அதைத் தூரத்திலிருந்தே பார்த்து, நல்லா கீதே, மாட்டிக்கினு மாப்பிள்ளை ஊர்வலம் போலாம் போல கீதே என்றார். அது தனக்கு என்றுதான் அவரும் நினைத்தார், நானும் நினைத்தேன்.

சின்னதுரை என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வருகிறவர்கள் முன்னால் எலும்பும் தோலுமாக ஒருவன் நின்று இருமினால் ஆர்டர் போய்விடும், நீ பார்க்க வாட்டசாட்டமாக இருக்கிறாய், இங்கிலீஷும் பேசுவாய், அன்றைக்கு ஒருநாள் நீதான் மணல் அடிக்கிறவன் என்றார். கடைசி வரியில் 1314 என்கிற வருடத்தின் நாலை மட்டும் அடிக்காமல் விட்டுவைக்கச் சொல்லியிருந்தார். அவர்கள் கண் முன்னால் நான் அதை அடிக்க வேண்டும். மறுத்திருக்கலாம். மறுத்திருந்தால் அதிகபட்சம் திட்டியிருப்பார். நான் மறுக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவதற்கே அர்த்தமில்லை.

முந்தின நாள் துளசிராமனே எனக்குக் காட்டிக்கொடுத்தார். குழாயை எத்தனை சாண் தள்ளிப் பிடிப்பது, கையை எங்கேயும் நிறுத்தாமல் எப்படி நகர்த்துவது என்று அரை மணி நேரம். நாலுக்குள்ளும் சின்னதாக ஒரு துண்டு தனியாக நிற்கும், அது கிளம்பினால் பதறாதே என்று சொல்லி, தன் ரகசியத்தையும் சொன்னார். கம்பெனிப் பசை தூசியில் பிடிக்காது. டிபன் பாக்ஸில் மிச்சம் வைத்த சோற்றில் இரண்டு பருக்கை எடுத்து நசுக்கி, துண்டின் அடியில் தடவி அழுத்தி, நூறு எண்ண வேண்டும். பிறகு ஓரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். எண்பத்தேழு ஓவும் நின்றது அவர் வயலில் விளைந்த நெல்லின் சோற்றால். இதை அவர் கூட வேலை செய்த பதின்மூன்று பேருக்கும் சொன்னதில்லை. எனக்குச் சொன்னார்.

அன்று காலை கான்ட்ராக்ட் ஆட்கள் பதினாலு பேரையும் பின்பக்க மதிலுக்கு அந்தப் பக்கம், உடைந்த கல் கொட்டுகிற இடத்தில், முள்மரத்தடியில் உட்காரவைத்தார்கள். ஆளுக்கொரு பிரியாணிப் பொட்டலம். சத்தம் வரக் கூடாது என்று சின்னதுரை போய்ச் சொன்னபோது நானும் பக்கத்தில் நின்றேன். துளசிராமன் கேட்டார், "இருமல் வந்தா இன்னா சார் பண்றது?"

"முழுங்கு," என்றார் சின்னதுரை.

வந்தவர்களில் ஒருவர் மார்கரெட் என்ற அம்மாள், பள்ளிக்கூட டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இன்னொருவர் எண்பது வயதுத் தாத்தா, வெயிலில் கோட்டும் டையுமாக. இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். அதுதான் எரிச்சல். மார்கரெட் கேட்க வேண்டிய கேள்வியெல்லாம் கேட்டார். வேலை செய்கிறவர்களுக்குப் பாதுகாப்பு இருக்கிறதா, மருத்துவப் பரிசோதனை உண்டா, சாப்பாடு எப்படி என்று. சின்னதுரை எல்லாவற்றுக்கும் என்னைக் கை காட்டினார். நான் ஹூட்டைக் கையில் வைத்துக்கொண்டு பல்லைக் காட்டினேன். அப்போது மதிலுக்குப் பின்னாலிருந்து இருமல் வந்தது. அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்த இருமல். மார்கரெட் திரும்பிப் பார்த்தார். என்ன அது என்றார்.

ஆடு என்றார் சின்னதுரை, இங்கே ஆடுகள் நிறைய மேயும் என்று.

எங்கள் ஊரிலும் ஆடுகள் இப்படித்தான் இருமும் என்று சொல்லி அந்த அம்மாள் சிரித்தார். தாத்தா சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை எத்தனையோ முறை துப்பிப் பார்த்துவிட்டேன், போகமாட்டேன் என்கிறது.

ஹூட்டை மாட்டிக்கொண்டு நாலை அடித்தேன். உள்ளே குளிர்ந்த காற்று வந்தது. இரண்டு நிமிட வேலை. கடைசி நொடியில் கை தயங்கி, நாலின் கால் ஓரத்தை மணல் கொஞ்சம் தின்றுவிட்டது. அவர்கள் கவனிக்கவில்லை. தாத்தா எழுத்தின்மேல் விரலை ஓட்டிப் பார்த்து அழுதார். என் கையைப் பிடித்துக்கொண்டு, விடுதலை என்கிற வார்த்தையை உன் கை வெட்டியிருக்கிறது என்றார். மார்கரெட் படம் எடுத்தார். கல்லுக்குப் பக்கத்தில் ஹூட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நான்.

அவர்கள் கார் வாசலைத் தாண்டியதும் சின்னதுரை இரண்டு ஹூட்டையும் அட்டைப்பெட்டியில் போட்டு, தன் அறை அலமாரியில் பூட்டினார். திரும்பி வந்த துளசிராமனிடம் நாலைக் காட்டி, கெடுத்துவிட்டேன் என்றேன். குனிந்து பார்த்தார்.

"உடு பாய். நாலு நாலாத்தான் கீது. கொஞ்சம் குடிச்சிட்டு நிக்குது, அவ்ளோதான்."

ஆனால் கோணலை அப்படியே விட்டுவிட்டுப் போகிற ஆளா அவர். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு உள்ளே போனார். இரண்டு மணி நேரம் ஆயிற்று அந்த நாலின் காலை நிமிர்த்த. வழக்கமாகத் தாழ்ப்பாள் போடுகிறவன் வீட்டுக்குப் போய்விட்டிருந்தான். போட்டது நான்தான்.

பெட்டியில் அடைக்கும்போது கல்லைக் கவிழ்த்தோம். அடிப்பக்கத்தில், சிமெண்டில் பதிகிற இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் அடையாளம் இருந்தது. ஒரு வட்டம், குறுக்கே இரண்டு கோடு. மணல் அடிக்கிற எல்லோரும் அடியில் ஏதாவது அடையாளம் போடுவார்கள். குறை என்று கல் திரும்பி வந்தால் யார் வேலை என்று தெரிய வேண்டுமே. இவருடையது, ரைஸ் மில்லில் கலந்துவிடாமல் இருக்க இவர் வீட்டு நெல் மூட்டைகளில் தாரால் போடுகிற குறி. ஒன்பது வருடத்தில் அந்தக் குறி போட்ட கல் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

மார்ச்சில் கல் கப்பல் ஏறியது. மே மாதம் துளசிராமன் படுத்தார். டிபி என்று சொல்லி அரசு ஆஸ்பத்திரியில் ஆறு மாதம் மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை அவர் வயிற்றைக் கெடுத்ததே தவிர நெஞ்சை ஒன்றும் செய்யவில்லை. பிறகு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர், முதல் தடவையாக, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டார். மணல் அடித்தேன் என்றார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை மறுபடி பார்த்துவிட்டு, நுரையீரல் முழுக்கக் கல்தூசி, இதற்கு மருந்து இல்லை என்றார். ஆனால் இது வேலையால் வந்த நோய் என்று நிரூபித்தால் அவர் மனைவிக்கும் மகளுக்கும் மாதாமாதம் ஏதாவது கிடைக்கும். அதற்கு ஒரு கடிதம் வேண்டும். இவர் எங்களிடம் மணல் அடித்தார் என்று கம்பெனி எழுதித் தர வேண்டும். இரண்டு வரி போதும்.

அந்த இரண்டு வரிக்காகச் சுமலதா எங்கள் கேட்டுக்கு ஏழு தடவை வந்தார். சின்னதுரை, அவர் எங்கள் ஆளே இல்லை என்றார். அரசப்பன், நான் லோடு ஏற்றத்தான் ஆள் வைத்திருந்தேன் என்றான். ஒவ்வொரு தடவையும் திரும்பும்போது சுமலதா என் ஜன்னலில் நின்று, தம்பி, நீ கொஞ்சம் சொல்லிப் பாரு என்பார். அண்ணி, சொல்றேன் என்பேன். சொல்லவில்லை. கடைசியில் யாரோ வழிகாட்டி, திருவள்ளூரில் தொழிலாளர் வழக்கைப் பார்க்கும் ஒரு அதிகாரியிடம் மனு கொடுத்தார்.

இதற்கு நடுவில் மார்கரெட், கல்லுக்குப் பக்கத்தில் நான் நின்ற அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கம்பெனிக்கு ஒன்று, எனக்கு ஒன்று என்று அனுப்பியிருந்தார். என் மனைவி மாஹிரா அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். அடுத்த வருடம் பிப்ரவரியில் சின்னதுரை என்னை ஒரு ஸ்கேன் சென்டருக்கு அனுப்பி நெஞ்சு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். வருடாந்திரப் பரிசோதனை என்றார். அந்தக் கம்பெனியில் அதற்கு முன்னும் பின்னும் யாருக்கும் வருடாந்திரப் பரிசோதனை நடந்ததில்லை. எதற்கென்று எனக்குத் தெரியாது என்று சொன்னால் அது பொய்.

ஏப்ரலில் விசாரணை. துளசிராமன் சுமலதாவின் தோளைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். பதினெட்டுப் படிக்கு நாலு இடத்தில் நின்றார். அதிகாரி பொறுமையான மனிதர், அவருக்கு நாற்காலி போடச் சொன்னார். சின்னதுரை மேஜைமேல் அந்தப் படத்தை வைத்தார். இவர்தான் எங்கள் மணல் அடிக்கிறவர், பாதுகாப்புக் கருவியோடு, ஸ்காட்லாந்துக்காரர்களே எடுத்த படம் என்றார். பிறகு என் எக்ஸ்ரேயை எடுத்து வைத்தார். அதிகாரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். சுத்தமான நெஞ்சு. எத்தனை வருடமாக இந்த வேலை செய்கிறீர்கள் என்று என்னைக் கேட்டார்.

"ஒன்பது வருஷம் சார்," என்றேன்.

சுமலதா என்னைப் பார்த்தார். நான் மேஜையின் விளிம்பைப் பார்த்தேன். துளசிராமன் அதிகாரியிடம், இவரை ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா என்று அனுமதி கேட்டார். கேளுங்கள் என்றார். மூச்சு சேர்த்துக்கொள்ள அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"ஓ அடிக்க சொல்லோ, நடுவுல நிக்கிற துண்டு கிளம்பிச்சின்னா இன்னா பண்ணுவே பாய்?"

மணல் அடிக்காதவனுக்குப் பதில் தெரிய வாய்ப்பே இல்லாத கேள்வி. தெரியாது என்று நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், உண்மையைக்கூடச் சொல்ல வேண்டியதில்லை. அவர் எனக்கு அவ்வளவு லேசான வழியைத் திறந்து வைத்திருந்தார். அல்லது சொல்லிக்கொடுத்ததையே மறந்திருந்தாரோ, தெரியவில்லை. சின்னதுரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வாய் தானாகப் பேசியது. சோற்றுப் பருக்கை இரண்டு எடுத்து நசுக்கி, அடியில் தடவி அழுத்தி, நூறு எண்ணிவிட்டு, ஓரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்று ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னேன்.

அதிகாரி துளசிராமன் பக்கம் திரும்பினார். இது சரியா என்றார். தப்பு என்று சொல்லியிருக்கலாம் அவர். அங்கே இருந்த யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் கோணலாக எதையும் விட்டு வைக்கத் தெரியாத ஆள்.

"சரியாத்தான் சார் சொல்றாரு," என்றார்.

கல்லின் அடியில் தன் குறி இருப்பதாக அதன்பிறகு சொல்லிப் பார்த்தார். அந்தக் கல் எங்கே இருக்கிறது என்று அதிகாரி கேட்டார். ஸ்காட்லாந்தில் என்றார் சின்னதுரை, சிமெண்ட் போட்டு நட்டாயிற்று என்று. மனு தள்ளுபடி ஆனது. படி இறங்கும்போது துளசிராமன் என் பக்கத்தில் நின்று மூச்சு வாங்கினார். நல்லா ஞாபகம் வெச்சிக்கினுக்கிறே பாய் என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. குத்தலாகச் சொல்லியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

ஆடி பிறந்து நாலாம் நாள் போய்விட்டார். நாற்பத்தோரு வயது. உடலை எடுப்பதற்குப் போகலாம் என்று ஊத்துக்கோட்டை பஸ் ஸ்டாண்டுவரை போனேன். அங்கே ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். டீ குடித்தேன் என்பதுதான் எனக்கே சகிக்கவில்லை.

அடுத்த மாதம் ஸ்காட்லாந்திலிருந்து ஒரு தடித்த உறை வந்தது. உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கையெழுத்துப் போட்ட வாழ்த்து அட்டை, கல்லைச் சுற்றிப் பாவாடை கட்டிய ஆண்கள் குழல் ஊதும் படம், தகட்டின் படம். போருக்குப் போனவர்கள் யாருடைய பெயரும் நமக்குத் தெரியாமல் போயிற்று, கல்லை வெட்டியவர் பெயராவது தெரியட்டும் என்று ஊர் கூடி முடிவு செய்ததாக மார்கரெட் எழுதியிருந்தார். படித்த உடனே உறையோடு கொல்லைப்புறம் போய் உட்கார்ந்துவிட்டேன். என்ன என்று மாஹிரா கேட்டாள். அன்றைக்குத்தான் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் எழுந்துபோய்க் கூடத்துச் சுவரிலிருந்த படத்தைக் கழற்றி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பித் தரையில் வைத்தாள்.

"இத்த எதுக்கு எங்கிட்ட சொல்லிக்கினு கீறீங்க? சொல்ல வேண்டிய ஊட்டுல போய் சொல்லுங்க."

ஒரு வெள்ளைத்தாளில் எழுதினேன். நான் மணல் அடிப்பவன் இல்லை. அந்தப் படம் வேஷம். எக்ஸ்ரே, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கிற கிளார்க்கின் நெஞ்சு. கல்லை அடித்தவர் துளசிராமன், அதன் அடியில் அவர் வீட்டுக் குறி இருக்கிறது, பெட்டியில் அடைத்தவன் நான், கண்ணால் பார்த்தேன். கேட்ட கேள்விக்கு நான் சொன்ன பதில் அவரே எனக்குச் சொல்லிக்கொடுத்தது. கீழே கையெழுத்தும் விலாசமும் போட்டு எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குப் போனேன்.

சொர்ணவாரிப் பட்டத்து நெல் அறுப்பு முடிந்திருந்தது. வீட்டுக் கூடத்தில் எட்டு மூட்டை நெல் அடுக்கியிருந்தது. ஒவ்வொன்றிலும் தாரில் ஒரு வட்டம், குறுக்கே இரண்டு கோடு. சுமலதா மூட்டை வாயைத் தைத்துக்கொண்டிருந்தார். உட்கார் என்று சொல்லவில்லை. தாளை வாங்கி, ஊசியைக் கையிலேயே வைத்துக்கொண்டு, முழுவதும் படித்தார். சில வரிகளைத் திரும்பப் படித்தார். அழுவார், அல்லது என் முகத்தில் எறிவார் என்று நினைத்தேன். இரண்டும் செய்யவில்லை. தாளை நாலாக மடித்து டப்பாவில் இருந்த ஆஸ்பத்திரிக் காகிதங்களோடு வைத்தார். மேல்மனு போடலாம் என்று சொல்கிறார்கள், ஆனால் வெறும் தாளை வைத்துக்கொண்டு ஒன்றும் ஆகாது, எழுதியவனே நேரில் வந்து, அதே அதிகாரி முன்னால், மானேஜர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்றார். எப்போதும் தம்பி, வா, போ என்று பேசுகிறவர், அன்றைக்கு மரியாதையாகப் பேசினார்.

"வரேன் அண்ணி. எந்த தேதின்னாலும் வந்துடறேன்," என்றேன்.

ஊசியில் நூலை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே சொன்னார், "அன்னிக்கும் வந்தீங்களே, பாய்."